கோப்பை மூடும்போது வரும் பிழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறர் எழுதிய சி மொழி நிரல்களைப் படித்துக் குறை சொல்வது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. அவற்றில் நான் மிக அதிகமாக எழுதிய குறிப்பு, 'இந்த குளோஸ் அழைப்பு என்ன திருப்பித் தந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை' என்பதுதான். குளோஸ் என்பது திறந்த கோப்பை மூடும்படி இயங்குதளத்தைக் கேட்கும் அழைப்பு. அந்தக் குறிப்புக்கு மறுமொழியாக வந்த ஐயங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டவை. பிற இயங்குதளங்கள் வேறுபடும் இடங்களை அங்கங்கே சுட்டியிருக்கிறேன்.

கோப்பை மூடுவதில் அப்படி என்ன பிழை வந்துவிடப் போகிறது?

மூடுதல் என்னும் செயல் தோற்பது மிக அரிது. ஆனால் அதற்கு முன்பு நீங்கள் செய்த எழுத்து வேலைகள் தோற்றிருக்கலாம், அந்தச் செய்தி உங்களை வந்தடைய மூடும் நேரமே கடைசி வாய்ப்பாக இருக்கலாம். குளோஸ் அழைப்பு வெற்றி என்றால் 0 என்றும், தோல்வி என்றால் -1 என்றும் திருப்பித் தருகிறது. தோல்வியின் காரணம் எர்நோ என்னும் மாறியில் இருக்கும். டிஸ்க்கில் எழுத முடியவில்லை, இடம் தீர்ந்துவிட்டது, பயனருக்கு ஒதுக்கிய அளவு முடிந்துவிட்டது, சிக்னல் (ஓடும் நிரலுக்கு இடையில் வரும் அறிவிப்பு) குறுக்கிட்டது, கொடுத்த எண்ணே (திறந்த கோப்பைக் குறிக்க இயங்குதளம் தரும் எண்) தவறு ஆகியவை அங்கே வரக்கூடிய காரணங்கள்.

இவற்றில் முதல் மூன்றும் மூடுதலைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனியுங்கள். அவை முன்பே நடந்துவிட்ட இழப்பைப் பற்றிய தாமதமான செய்திகள். கடைசி இரண்டும் முற்றிலும் வேறு வகை. அவற்றுக்குத் தனியே வருவோம்.

ரைட் அழைப்பு ஒவ்வொன்றையும் சரிபார்த்துவிட்டேன், எல்லாம் வெற்றி. பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?

ரைட் என்னும் எழுதும் அழைப்பு வெற்றி பெற்றது என்றால் உங்கள் பைட்டுகள் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்று மட்டுமே பொருள். தபால் பெட்டியில் கடிதத்தைப் போடுவதைப் போன்றது அது. போட்டவுடன் கை காலியாகிவிடும், கடிதம் இன்னும் ஊரைவிட்டே கிளம்பியிருக்காது. கெர்னல் அவை இருக்கும் நினைவகப் பக்கங்களை 'அழுக்கு' என்று குறித்து வைத்துக்கொண்டு, வசதிப்படும்போது டிஸ்க்குக்கு அனுப்புகிறது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் இதற்கான பின்னணிப் பணி 5 நொடிக்கு ஒரு முறை விழித்துப் பார்க்கிறது. 30 நொடிக்கு மேல் அழுக்காகவே கிடக்கும் பக்கங்களை எழுத முற்படுகிறது.

எனவே நீங்கள் எழுதி, சரிபார்த்து, மூடி, நிரலையும் முடித்துவிட்டுப் போன பிறகு டிஸ்க்கில் பிழை நேரலாம். அப்போது உங்களிடம் சொல்வதற்கு வழி இல்லை, ஏனெனில் நீங்களே அங்கு இல்லை.

பத்து ஆண்டுகளாக நிரல் எழுதுகிறேன். குளோஸ் தோற்று ஒரு முறைகூடப் பார்த்ததில்லையே?

உண்மையாகவே இருக்கும். எக்ஸ்ட்4 போன்ற உள்ளூர் கோப்பு முறைமைகளில் சரியான எண்ணைக் கொடுத்து குளோஸை அழைத்தால் அது ஏறத்தாழ எப்போதும் 0 என்றே சொல்லும். அதற்குக் காரணம் அந்த முறைமைகள் மூடும்போது டிஸ்க்குக்கு எதையும் அனுப்பிப் பார்ப்பதில்லை என்பதுதான்; எனவே அந்த 0 எதற்கும் உத்தரவாதமும் இல்லை.

நிலைமை மாறுவது என்எஃப்எஸ் போன்ற வலையமைப்புக் கோப்பு முறைமைகளில். ஒருவர் மூடிய கோப்பை அடுத்தவர் வேறு கணினியில் திறந்தால் புதிய உள்ளடக்கம் தெரிய வேண்டும் என்பது என்எஃப்எஸ்ஸின் விதி. அந்த விதியைக் காப்பாற்றுவதற்காக, தேங்கியிருக்கும் அழுக்குப் பக்கங்கள் அனைத்தையும் மூடும் தருணத்தில் வழங்கிக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கிறது. வழங்கியில் இடம் இல்லை என்றால் அது முதன்முதலாகத் தெரியவருவது அப்போதுதான். ஃபியூஸ் (கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாகக் கோப்பு முறைமை எழுத உதவும் ஏற்பாடு) வழியே அமைந்த கோப்பு முறைமைகளும் மூடும்போது பிழையைத் திருப்பித் தரலாம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், இரவு தோறும் கணக்கு அறிக்கை ஒன்றை இப்படிப்பட்ட பகிர்வு இடத்தில் எழுதும் நிரல் இருந்தது. ஒதுக்கீடு தீர்ந்த பிறகும் அது 'முடிந்தது' என்றே பதிவு செய்துகொண்டிருந்தது. பாதியில் அறுந்த கோப்புகளை யாரோ திறந்து பார்க்கும்வரை எவருக்கும் தெரியவில்லை. எழுத்துகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டிருந்தன. மூடும் வரி மட்டும் சரிபார்க்கப்படவில்லை. உங்கள் நிரல் எந்தக் கோப்பு முறைமையின்மேல் ஓடப்போகிறது என்பதை எழுதும்போது நீங்கள் தீர்மானிப்பதில்லை. அதை நிறுவுபவர் தீர்மானிக்கிறார்.

எஃப்குளோஸும் குளோஸும் ஒன்றுதானே?

இல்லை. எஃப்குளோஸ் சி நூலகத்தின் செயற்கூறு; அதைச் சரிபார்க்க வேண்டிய தேவை இன்னும் பெரியது. எஃப்பிரின்ட்எஃப், எஃப்ரைட் போன்றவை நீங்கள் தரும் எழுத்துகளைக் கெர்னலுக்கு உடனே தருவதில்லை. சி நூலகம் அவற்றை உங்கள் நிரலின் நினைவகத்திலேயே ஒரு பஃபரில் சேர்த்து வைக்கிறது. பஃபர் நிரம்பினால்தான் ரைட் அழைக்கப்படும். சிறிய கோப்பு என்றால் பஃபர் ஒரு முறையும் நிரம்பாமல், கோப்பின் முழு உள்ளடக்கமும் எஃப்குளோஸுக்குள்தான் முதல்முறையாகக் கெர்னலைப் பார்க்கும்.

ஆகவே உள்ளூர் டிஸ்க் நிரம்பியிருக்கிறது என்ற மிகச் சாதாரணமான நிலையிலும் எஃப்குளோஸ் தோற்கும். அதைப் பார்க்காமல் விட்டால், ஒரு பைட்டும் எழுதாத நிரல் வெற்றி என்று அறிவித்துவிட்டுப் போகும். தோற்ற எஃப்குளோஸுக்குப் பின் அந்த ஸ்ட்ரீமை (திறந்த கோப்பைக் குறிக்கச் சி நூலகம் தரும் பொருள்) தொடவே கூடாது. அதை மீண்டும் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதைச் சி மொழியின் தரநிலை வரையறுக்கவில்லை.

இதை என் கணினியிலேயே நேரில் பார்க்க வழி உண்டா?

உண்டு. லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்றொரு போலிச் சாதனம் இருக்கிறது. அதில் எதை எழுதினாலும் 'இடம் இல்லை' என்ற பிழையே வரும். பாடநூலின் முதல் பக்கத்தில் வரும் வணக்கம் சொல்லும் சி நிரலை எடுத்து, அதன் வெளியீட்டை /டெவ்/ஃபுல்லுக்குத் திருப்பிவிட்டு, வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 0 என்று வரும். நிரல் எதையும் எழுதவில்லை, ஆனால் எல்லாம் நலம் என்கிறது.

காரணம் முந்தைய விடையில் உள்ளதுதான். வெளியீடு முனையத்துக்குப் போகாததால் முழுப் பஃபர் முறை நடைமுறைக்கு வருகிறது; மெயின் என்னும் முதன்மைச் செயற்கூறு முடிந்த பிறகு நூலகம் பஃபரைக் காலி செய்ய முயன்று தோற்கிறது; அந்தத் தோல்வியைக் கேட்க யாரும் இல்லை. இதே சோதனையைக் குனு நிரல் தொகுப்பைச் சேர்ந்த கேட், எக்கோ ஆகியவற்றில் செய்தால் அவை பிழைச்செய்தி தந்து 1 என்று வெளியேறும். அந்தத் தொகுப்பை எழுதியவர்கள், வெளியேறும் நேரத்தில் நிலைவெளியீட்டை (நிரலின் வழக்கமான வெளியீட்டுப் பாதை) வெளிப்படையாக மூடிச் சரிபார்க்கும் ஒரு சிறிய செயற்கூற்றை ஒவ்வொரு நிரலிலும் பதிந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் நிரலின் வெளியீட்டை வேறொரு நிரலோ ஷெல் ஸ்கிரிப்டோ நம்பி வேலை செய்யும் என்றால், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

படிப்பதற்கு மட்டும் திறந்த கோப்பையும் சரிபார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. எழுதாத கோப்பில் இழக்க ஒன்றும் இல்லை. படித்ததில் ஏற்பட்ட பிழையை ரீட் அழைப்பே சொல்லியிருக்கும். வேண்டுமென்றேதான் விட்டுவிட்டீர்கள் என்று அடுத்தவருக்குத் தெரிய ஒரு சொல் குறிப்பு எழுதினால் போதும்.

சரி, குளோஸ் -1 தந்துவிட்டது. இப்போது நான் என்னதான் செய்ய முடியும்?

அந்த இடத்தில் தரவை மீட்க முடியாது. கோப்பின் எண் கையைவிட்டுப் போய்விட்டது, பஃபரில் இருந்தவை என்ன ஆயின என்றும் தெரியாது. பலர் இதைக் காரணமாகக் காட்டித்தான் சரிபார்ப்பதே வீண் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மீட்க முடியாது என்பது ஒன்று, பொய் சொல்லாமல் இருப்பது வேறொன்று.

செய்ய வேண்டியவை எளியவை. கோப்பின் பெயரையும் காரணத்தையும் சேர்த்துப் பிழைச்செய்தி எழுதுங்கள். பெயர் இல்லாத 'இடம் இல்லை' யாருக்கும் உதவாது. நிரல் 0 அல்லாத எண்ணோடு வெளியேறட்டும். 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தியைக் காட்டாதீர்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, இந்தக் கோப்பு நன்றாக எழுதப்பட்டது என்ற நம்பிக்கையில் செய்யவிருந்த அடுத்த வேலையை நிறுத்துங்கள்: மூலக் கோப்பை அழிப்பது, பழைய படியை நீக்குவது, வரிசையிலிருந்து ஒரு செய்தியை எடுத்துவிடுவது போன்றவை. மூலம் இன்னும் உங்கள் நினைவகத்திலோ வேறு கோப்பிலோ இருந்தால், புதிய பெயரில் முதலிலிருந்து எழுதிப் பார்க்கலாம்; அது முழுமையான மறுமுயற்சி, தோற்ற மூடுதலின் தொடர்ச்சி அன்று.

சிக்னல் குறுக்கிட்டது என்று பிழை வந்தால் மற்ற அழைப்புகளைப் போல ஒரு சுற்றில் போட்டு மீண்டும் அழைக்கலாம் அல்லவா?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு விடையை மட்டும் நீங்கள் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ரீட், ரைட் ஆகியவற்றில் ஈ-இன்டர் என்னும் பிழை வந்தால் மீண்டும் அழைப்பது சரியான பழக்கம். குளோஸில் அதே பழக்கம் லினக்ஸில் ஆபத்தானது.

லினக்ஸ் கெர்னல் குளோஸ் அழைப்பைப் பெற்றவுடன் முதல் வேலையாக அந்த எண்ணைப் பிராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகிறது. பிழை எதுவும் நேரக்கூடிய வேலைகள் அதன் பிறகே தொடங்குகின்றன. எனவே எந்தப் பிழை வந்தாலும், எண் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டுவிட்டது. அதே சமயம் புதிதாகத் திறக்கப்படும் கோப்புக்கு, காலியாக உள்ள எண்களில் மிகச் சிறியதையே தர வேண்டும் என்பது யூனிக்ஸின் விதி. இவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் வினை.

மூன்று த்ரெட்டுகள் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) உள்ள ஒரு வழங்கியை எண்ணிப் பாருங்கள். முதல் த்ரெட் 7 என்னும் எண்ணை மூடுகிறது, ஈ-இன்டர் வருகிறது. அந்த இடைவெளியில் இரண்டாம் த்ரெட் தரவுத்தளக் கோப்பு ஒன்றைத் திறக்கிறது. காலியான 7 அதற்குக் கிடைக்கிறது. முதல் த்ரெட் தன் சுற்றில் மீண்டும் 7-ஐ மூடுகிறது. இம்முறை வெற்றி, ஆனால் மூடப்பட்டது இரண்டாம் த்ரெட்டின் கோப்பு. இப்போது மூன்றாம் த்ரெட் பதிவுக் கோப்பு ஒன்றைத் திறக்க, அதற்கும் 7 கிடைக்கிறது. தன் கோப்பு இன்னும் திறந்திருப்பதாக நம்பும் இரண்டாம் த்ரெட் தரவுத்தளப் பக்கங்களைப் பதிவுக் கோப்புக்குள் எழுதத் தொடங்குகிறது. இதில் முதலில் வந்த ஈ-இன்டரைத் தவிர எந்த அழைப்பும் பிழை தரவில்லை. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும். லினக்ஸின் கையேட்டுப் பக்கமும், தோற்ற குளோஸை மீண்டும் அழைப்பது தவறு என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

போசிக்ஸ் தரநிலை இதைப் பற்றி என்ன சொல்கிறது? எல்லா யூனிக்ஸிலும் இதே நடைமுறைதானா?

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான இந்தத் தரநிலை நீண்ட காலம் கையை விரித்துவிட்டிருந்தது. 2008 பதிப்பின்படி, குளோஸில் ஈ-இன்டர் வந்தால் அந்த எண்ணின் நிலை என்னவென்று வரையறுக்கப்படவில்லை. லினக்ஸ் எண்ணை விடுவித்துவிடுகிறது. எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸில் எண் திறந்தே இருக்கும், எனவே அங்கே மீண்டும் மூடத்தான் வேண்டும். இரண்டுக்கும் பொருந்துமாறு ஒரே நிரலை எழுத வழியில்லாமல் இருந்தது. 2024 பதிப்பு இதைச் சீர்படுத்த முயன்று, எண் இன்னும் திறந்திருக்கிறது என்றால் ஈ-இன்டர், மூடப்பட்டுவிட்டது ஆனால் வேலை முடியவில்லை என்றால் வேறொரு பிழை என்று பிரித்தது. போசிக்ஸ்-குளோஸ் என்னும் புதிய அழைப்பையும் சேர்த்தது.

லினக்ஸுக்காக எழுதுபவர் முந்தைய விடையின் விதியையே பிடித்துக்கொள்ளலாம்: ஒரே முறை அழைக்க வேண்டும், என்ன பிழை வந்தாலும் அந்த எண் இல்லாமற்போய்விட்டதாகக் கருத வேண்டும். பைத்தான் 3.5 பதிப்பிலிருந்து, குறுக்கிடப்பட்ட பிற அழைப்புகளைத் தானாகவே மீண்டும் அழைக்கிறது. குளோஸை மட்டும் விலக்கி வைத்து, அதில் வரும் ஈ-இன்டரைப் புறக்கணிக்கிறது. அந்த விதிவிலக்கு எதற்காக என்று இப்போது விளங்கும்.

'தவறான எண்' என்ற பிழை மட்டும் எப்போதாவது வருகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

விடவே கூடாது. மற்றவை வெளியுலகத்தின் பிழைகள், இது உங்கள் நிரலின் பிழை. ஈ-பேட்எஃப் என்றால் திறந்திராத எண்ணை மூட முயன்றிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒரே எண்ணை இரண்டு முறை மூடியிருப்பீர்கள். இரண்டாவது முறை பிழை வந்தது நல்லூழ். அந்த எண்ணை இதற்குள் வேறு யாராவது எடுத்திருந்தால், மேலே சொன்ன மூன்று த்ரெட் கதை பிழைச்செய்தி இல்லாமலே நடந்திருக்கும். சோதனைப் பதிப்பில் இந்தப் பிழை வந்தவுடன் நிரலை நிறுத்தும்படி எழுதுவது என் வழக்கம். மூடிய கையோடு மாறியில் -1 என்று எழுதி வைப்பதும் உதவும்.

எண்கள் மறுபடி பயன்படுவதன் வினை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள நூலகம் ஒரு சான்று. நிலைப்பிழை வெளியீடாகிய 2 மூடப்பட்டிருந்த பிராசஸில் தரவுத்தளக் கோப்பைத் திறந்தால் அதற்கு 2 என்ற எண்ணே கிடைக்கும். பிறகு நிரலின் எந்த மூலையிலிருந்தோ வரும் பிழைச்செய்தி நேரே தரவுத்தளத்துக்குள் போய் விழும். ஆகவே அந்த நூலகம் 0, 1, 2 ஆகிய எண்களைத் தரவுத்தளக் கோப்புக்கு ஏற்பதே இல்லை.

மூடுவதற்கு முன் எஃப்சிங்க் போட்டுவிட்டால் குளோஸைச் சரிபார்க்க வேண்டியதில்லையா?

தரவைப் பொறுத்தவரை, ஆம், ஏறத்தாழ. எஃப்சிங்க் அழுக்குப் பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பி, அது முடியும்வரை காத்திருந்து, விளைவைச் சொல்கிறது. எண் இன்னும் உங்கள் கையில் திறந்திருக்கும் நேரத்திலேயே கெட்ட செய்தி வந்துவிடுவதால், என்ன செய்வது என்று யோசிக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. என்எஃப்எஸ்ஸிலும் இப்படியே. சி நூலகத்தின் ஸ்ட்ரீமாக இருந்தால் முதலில் எஃப்ஃப்ளஷ் (நூலகப் பஃபரைக் காலி செய்வது), அதன் பின்பே எஃப்சிங்க். முன்னதை மறந்தால் நூலகப் பஃபரில் இருப்பதைப் பற்றிக் கெர்னலுக்கு ஒன்றும் தெரியாது. மேக் கணினிகளில் டிஸ்க்கின் உள் நினைவகம்வரை காலி செய்ய எஃப்சிங்க் போதாது, எஃப்-ஃபுல்எஃப்சிங்க் என்ற தனிக் கட்டளை தேவை.

அதற்காக எல்லாக் கோப்புக்கும் எஃப்சிங்க் போடச் சொல்லவில்லை. நிமிடத்துக்கு 7200 சுற்றுகள் சுழலும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிநொடி ஆகிறது. கோப்புக்கு ஒரு சுற்று என்று குறைவாகக் கணக்கிட்டாலும் ஆயிரம் சிறு கோப்புகளுக்கு 8 நொடிக்கு மேல். கம்பைலர் உருவாக்கும் இடைக்கோப்பு தொலைந்தால் மீண்டும் கம்பைல் செய்துகொள்ளலாம், அங்கே குளோஸைச் சரிபார்ப்பதே போதுமானது. பயனர் தட்டச்சு செய்த கட்டுரை தொலைந்தால் திரும்ப வராது. 'இடம் இல்லை' என்பதை மட்டும் முன்கூட்டியே அறிய வேண்டுமானால், போசிக்ஸ்-ஃபாலொகேட் மூலம் இடத்தை முதலிலேயே பிடித்துவைப்பது மலிவான வழி.

எஃப்சிங்க் தோற்றால், அதையாவது மீண்டும் அழைக்கலாமா?

அழைக்கலாம், ஆனால் இரண்டாவது முறை வரும் வெற்றியை நம்பக் கூடாது. லினக்ஸில் ஒரு பக்கத்தை எழுதும் முயற்சி தோற்ற பிறகு, பல கோப்பு முறைமைகள் அந்தப் பக்கத்தின் அழுக்குக் குறியை நீக்கிவிடுகின்றன. அடுத்த எஃப்சிங்க் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்று கண்டு வெற்றி என்கிறது. தரவு டிஸ்க்கில் இல்லை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தை எழுதுபவர்களையே இது 2018-இல் அதிர வைத்தது. எஃப்சிங்க் தோற்றால் அடுத்த சுற்றில் மீண்டும் முயலலாம் என்று கருதியே அந்த நிரல் நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது. 2019 பிப்ரவரியில் வெளிவந்த திருத்தப் பதிப்புகளில், எஃப்சிங்க் தோற்றால் வழங்கி உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, முன்னெழுத்துப் பதிவிலிருந்து (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) மீண்டெழும்படி மாற்றினார்கள். கெர்னல் தரப்பில், 2017-இல் வந்த 4.13 பதிப்பிலிருந்து, பின்னணியில் நேர்ந்த எழுத்துப் பிழை அப்போது அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எஃப்சிங்க் வழியே ஒரு முறை தெரிவிக்கப்படுகிறது. ஒரு முறைதான். அதைத் தவறவிட்டால் தவறியதுதான்.

இருக்கும் கோப்பை அதே பெயரில் புதிதாக எழுத வேண்டும். எந்த வரிசையில் செய்வது?

பழைய கோப்பைக் காலி செய்துவிட்டு அதிலேயே எழுதாதீர்கள். இடையில் எது நேர்ந்தாலும் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதே அடைவில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள், எஃப்சிங்க் செய்யுங்கள், மூடுங்கள், மூன்றையும் சரிபார்த்த பின்பே ரீநேம் செய்யுங்கள். மின்வெட்டுக்குப் பின்னும் பெயர் மாற்றம் நிலைக்க வேண்டுமானால், அடைவையும் படிப்பதற்காகத் திறந்து அதன்மீது எஃப்சிங்க் செய்ய வேண்டும். குளோஸ் பிழையைச் சரிபார்ப்பதால் உண்மையாகவே ஒரு பயன் விளையும் இடம் இது: தோல்வி தெரிந்தவுடன் தற்காலிகக் கோப்பை அழித்துவிடலாம், பழைய கோப்பு கைபடாமல் இருக்கும்.

எஃப்சிங்க் இல்லாமல் ரீநேம் மட்டும் செய்த நிரல்கள் 2009 வாக்கில் எக்ஸ்ட்4 பரவத் தொடங்கியபோது மாட்டிக்கொண்டன. பெயர் மாற்றம் டிஸ்க்குக்குப் போன பின்பும் உள்ளடக்கம் போகாமல் காத்திருந்ததால், கணினி திடீரென நின்று மீண்டும் எழுந்தபோது அமைப்புக் கோப்புகள் 0 பைட்டுகளாக நின்றன. எக்ஸ்ட்4 அதன்பின் இத்தகைய ரீநேமைக் கண்டால் தானே உள்ளடக்கத்தை முன்னதாக எழுதும்படி மாற்றப்பட்டது. அது நிரலாளர்களின் பழக்கத்துக்குச் செய்துகொடுத்த சமரசமே; எல்லாக் கோப்பு முறைமைகளும் அப்படிச் செய்யும் என்று எண்ண வேண்டாம்.

ஏற்கெனவே ரைட் தோற்றுவிட்டது. சுத்தம் செய்யும்போது குளோஸும் தோற்கிறது. எந்தப் பிழையைச் சொல்வது?

முதலில் வந்ததையே சொல்லுங்கள். இரண்டாவது பெரும்பாலும் அதன் எதிரொலி. ஆனால் நடைமுறையில் இதற்கு நேர்மாறாக நடப்பதைத்தான் பார்க்கிறேன். ரைட் தோற்றவுடன் குளோஸை அழைத்துவிட்டு, அதன்பின் எர்நோவைப் பார்த்துச் செய்தி எழுதுகிறார்கள். குளோஸ் தோற்றிருந்தால் எர்நோவில் இப்போது இருப்பது அதன் காரணம். ரைட் தோற்ற இடத்திலேயே எர்நோவைத் தனி மாறியில் எடுத்துவைத்துவிட்டுப் பிறகு மூடுங்கள்.

சி இல்லாமல் வேறு மொழியில் எழுதுகிறேன். மொழியே பார்த்துக்கொள்ளாதா?

மொழிக்கு மொழி மாறுகிறது. கோ மொழியில் டிஃபர் (செயற்கூறு முடியும்போது நடக்கும்படி ஒரு அழைப்பை ஒத்திவைப்பது) போட்டு மூடும் பழக்கம் எங்கும் உண்டு. அப்படி எழுதினால் குளோஸ் திருப்பித் தரும் பிழை காற்றில் போய்விடும். எழுதும் கோப்புகளுக்கு, வெற்றிப் பாதையின் முடிவில் வெளிப்படையாக மூடிச் சரிபாருங்கள், டிஃபரையும் விட்டுவையுங்கள். கோவின் கோப்புப் பொருள் தான் மூடப்பட்டதை நினைவில் வைத்திருப்பதால், இரண்டாவது அழைப்பு ஒரு பிழையைத் தருவதோடு நின்றுவிடும், வேறொருவர் எண்ணைத் தொடாது.

ரஸ்ட் மொழியில் கோப்பு மாறி தன் எல்லையைக் கடக்கும்போது தானாக மூடப்படும், அப்போது நேரும் பிழை புறக்கணிக்கப்படும். அதன் ஆவணமே, பிழை தேவை என்றால் சிங்க்-ஆல் அழையுங்கள் என்கிறது. பஃப்ரைட்டர் பயன்படுத்துபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் அங்கே தொலைவது எஃப்குளோஸ் கேள்வியில் சொன்ன நூலகப் பஃபர். ஃப்ளஷை நீங்களே அழையுங்கள். சி++ மொழியின் ஓஎஃப்ஸ்ட்ரீமும் டிஸ்ட்ரக்டரில் (பொருள் அழியும்போது ஓடும் செயற்கூறு) பிழையை விழுங்கிவிடும், குளோஸை வெளிப்படையாக அழைத்து ஸ்ட்ரீமின் நிலையைப் பார்க்க வேண்டும்.

பைத்தானின் வித் தொகுதி நேர்மையானது, மூடும்போது வந்த பிழையை எக்ஸப்ஷனாக எழுப்பும். குப்பை சேகரிப்பான் மூடட்டும் என்று விட்டால் அந்தப் பிழை எக்ஸப்ஷனாக உங்களிடம் வராது. ஜாவா 7-இல் வந்த டிரை தொகுதி இன்னும் நயமானது: முதல் எக்ஸப்ஷனை முன்னிறுத்தி, மூடும்போது வந்ததை அதனோடு இணைத்துவைக்கிறது. முந்தைய கேள்விக்கு நான் தந்த விடையையே அந்த மொழி இலக்கணமாக்கியிருக்கிறது.

ஃபோர்க் செய்த பிறகு தாய், சேய் இரண்டு பிராசஸிலும் அதே கோப்பு திறந்திருக்கிறது. பிழை யாருக்கு வரும்?

ஃபோர்க் (பிராசஸைப் பிரதியெடுப்பது), டூப் (எண்ணைப் பிரதியெடுப்பது) ஆகியவை ஒரே திறப்புக்குப் பல எண்களைத் தருகின்றன. என்எஃப்எஸ், ஃபியூஸ் போன்றவற்றில் ஒவ்வொரு குளோஸிலும் தேங்கியதை அனுப்பும் முயற்சி நடக்கிறது, எனவே அத்தருணத்தில் மூடுபவருக்கே பிழை போகும். எழுதியது நீங்களாகவும், முதலில் மூடியது ஒன்றும் அறியாத சேயாகவும் இருக்கலாம். கடைசி எண் மூடப்படும்போது மட்டும் நடக்கும் இறுதி விடுவிப்பில் ஏற்படும் பிழையோ, லினக்ஸில் எவருக்கும் சொல்லப்படுவதில்லை. பகிரப்பட்ட கோப்பில் குளோஸின் விடையை நம்பி ஒரு முடிவெடுக்காமல், எழுதியவரே எஃப்சிங்க் செய்வதுதான் தெளிவான வழி. எம்மேப் செய்த, அதாவது நினைவகத்தோடு பிணைத்த, கோப்புக்கும் இது பொருந்தும். எண்ணை மூடிய பிறகும் நினைவகப் பிணைப்பு உயிரோடு இருக்கும், அதன் வழியே எழுதியவற்றுக்கு எம்சிங்க்கைத்தான் கேட்க வேண்டும்.

நிரல் முடிந்தால் கெர்னலே எல்லாவற்றையும் மூடிவிடுகிறதே, நான் ஏன் மூட வேண்டும்?

எண்கள் கசியாது என்ற அளவில் அது உண்மை. ஆனால் கெர்னல் மூடும்போது வரும் பிழையைப் பெற்றுக்கொள்ள நிரல் இல்லை. எக்ஸிட் வழியே முடிந்தால் நூலகப் பஃபர்கள் காலி செய்யப்படும், பிழை மட்டும் தொலையும். நிரலை உடனே கொல்லும் கில் -9 வாங்கினால் பஃபரில் இருந்தவையும் சேர்ந்தே தொலையும். நீண்ட நேரம் ஓடும் வழங்கிகளில் இன்னொரு காரணமும் உண்டு: பல லினக்ஸ் அமைப்புகளில் ஒரு பிராசஸுக்கு இயல்பாகக் கிடைப்பது 1024 எண்கள்தான்.

பைப், சாக்கெட் இவற்றுக்கும் இதே விதிகளா?

சாக்கெட்டில் (வலையமைப்பு இணைப்பின் முனை) குளோஸ் வெற்றி பெற்றது என்பதை வைத்து எதிர்முனைக்குத் தரவு சேர்ந்தது என்று சொல்ல முடியாது. சேர்ந்ததா என அறிய எதிர்முனையிடமிருந்து ஒப்புகைச் செய்தி வருமாறு உங்கள் நெறிமுறையிலேயே ஏற்பாடு வேண்டும்.

பாப்பன் (வேறொரு நிரலை ஓட்டி அதனோடு பைப் அமைக்கும் செயற்கூறு) செய்து திறந்த பைப்பில் நிலைமை வேறு. ஜிசிப் என்னும் சுருக்கும் நிரலுக்குத் தரவைக் குழாய்வழி கொடுத்து அது கோப்பில் எழுதுகிறது என்றால், டிஸ்க் நிரம்பிய செய்தி ஜிசிப்புக்குத்தான் தெரியும், உங்கள் ரைட் அழைப்புகளுக்குத் தெரியாமலே போகலாம். சேயின் வெளியேறும் எண்ணைத் தருவது பிகுளோஸ். அதைப் பார்க்காத காப்புப்படி நிரல்களை நான் எண்ணிக்கை மறந்த அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

எல்லா இடத்திலும் சரிபார்ப்பு வரிகளை எழுதினால் நிரலைப் படிக்கவே முடியவில்லையே?

இந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். மூடுவது போன்ற விடுவிப்பு வேலை தோற்கவே கூடாது என்ற கொள்கையும் மதிக்கத்தக்கதுதான். ஸிக் மொழி அப்படியே வடிவமைக்கப்பட்டு, அதன் கோப்பு மூடும் செயற்கூறு எதையும் திருப்பித் தருவதில்லை. அங்கே தரவு சேர்ந்ததா என்ற கேள்வியை மூடுவதற்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும்.

சியில் நான் செய்வது இரண்டு சிறு செயற்கூறுகளை எழுதிவைப்பது. ஒன்று படித்த கோப்புகளுக்கும் பிழைப் பாதைகளுக்கும்: எர்நோவைக் காப்பாற்றிக்கொண்டு, ஒரு முறை மூடி, விளைவைப் புறக்கணிக்கும், ஈ-பேட்எஃப் வந்தால் மட்டும் நிரலை நிறுத்தும். மற்றொன்று எழுதிய கோப்புகளுக்கு: ஃப்ளஷ் செய்து, கேட்டால் எஃப்சிங்க் செய்து, மூடி, இவற்றுள் முதலில் வந்த பிழையைத் திருப்பித் தரும். இரண்டாவதை அழைத்தவர் விளைவைப் பார்க்காவிட்டால் எச்சரிக்கை தருமாறு ஜிசிசி கம்பைலரிடம் சொல்லவும் வழி இருக்கிறது. நிரலைப் படிப்பவருக்கும், எந்தக் கோப்பு எந்த வகை என்பது அழைக்கப்படும் பெயரிலேயே தெரிந்துவிடும்.